அடி அண்ணாமலையின் ஊமைக் கம்ப்யூட்டர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஆயுத பூஜை நன்னாளில், ராகு காலத்துக்கு முந்தைய சுபவேளையில், வேங்கிக்கால் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. அப்பாசாமி அவர்களின் அடி அண்ணாமலை இல்லத்தில் கணிப்பொறி யுகம் பிறந்தது. அன்று முதல் தம் கிராமம் உலகத்தோடு இணைந்துவிட்டதாக அவரே வாசலில் நின்று அறிவித்தார். வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு இன்னும் வரவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. யுகத்துக்கு ஒரே ஒரு குறை. அது வாய் பேசவில்லை.

பூஜையில் எந்தக் குறையும் வைக்கவில்லை அப்பாசாமி. பெட்டியின் மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டு முடித்துக்கொள்ள அவர் என்ன, சைக்கிள் கடைக்காரரா? "வேலை செய்யறது உள்ள இருக்கறது. வெளியில தகரத்துக்குப் பொட்டு வெச்சா அது யாருக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டு, கொண்டுவந்த ஆளைவிட்டுப் பெட்டியைத் திறக்கவைத்தார். உள்ளே எது எது பெரிதாகத் தெரிந்ததோ அதற்கெல்லாம் தம் கையாலேயே சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். மின்விசிறிக்கு ஒன்று, ஹார்டு டிஸ்குக்கு ஒன்று, சவுண்டு கார்டுக்கு ஒன்று. மூடியபோது உள்ளே ஒரு கல்யாண வீடே இருந்தது.

மகள் கவிநிலாவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பெட்டியிலிருந்து வரவேண்டிய சத்தம் மட்டும்தான். விலங்கியல் படித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் இருந்தவளுக்குச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் சி.டி. அனுப்பியிருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்வதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே கேட்டுத் தட்டச்சு செய்து தரவேண்டும். சி.டி.யில் இருப்பது பரீட்சை: பத்து நிமிடப் பேச்சு. அடித்ததை ஃபிளாப்பியில் போட்டுச் சனிக்கிழமைக்குள் சென்னையில் சேர்த்துவிட்டால், தேறினால், வீட்டில் இருந்தபடியே வேலை. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வந்தது. அதற்காகத்தான் அவள் ஆறு மாதம் நகரத்துக்குப் போய், எலும்பு முதல் ஈரல் வரை அத்தனை பெயரையும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தாள்.

அவளுக்குப் பாடம் நடத்தியவரும் கம்ப்யூட்டரை விற்றவரும் ஒருவரே. பெயர் அறிவுச்செல்வன். சர்வதேசக் கணிப்பொறிக் கல்வி நிலையத்தின் நிறுவனர், இயக்குநர், முதல்வர். மீதிப் பதவிகளுக்குப் போர்டில் இடம் இல்லை. திருவண்ணாமலை வெயிலில் டை கட்டும் ஒரே மனிதர். வகுப்பில் டாக்டர்களின் பேச்சைப் புத்தகத்திலிருந்து அவரே வாசிப்பார், மாணவிகள் அடிப்பார்கள். நியுமோனியாவை எழுதும்போது முன்னால் ஒலிக்காமல் வரும் 'பி'யைப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாதே என்று 'ப்நியுமோனியா' என்றுதான் வாசிப்பார். அப்படி ஓர் அக்கறை.

ஊமைப் பெட்டியைப் பார்க்க அவர் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை, "வைரஸ்" என்றார். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினார். சத்தம் வரவில்லை. சவுண்டு கார்டு வந்த அட்டைப்பெட்டியில் என்ன பெயர் இருந்ததோ அந்தப் பெயருக்கான டிரைவரை, அதாவது கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசிவைக்கும் புரோகிராமை, மறுபடி மறுபடி ஏற்றினார். திரையில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை வாசலுக்கு வந்து, இடுப்பில் கைவைத்து, அண்ணாமலையை அண்ணாந்து பார்த்தார்.

"சார், மலை மறைக்குது."

"மலையா?" என்றாள் கவிநிலா.

"டவுன்ல எல்லார் வீட்லயும் சவுண்டு வருது. இங்க வரல. நடுவுல இன்னா இருக்குது? யோசிச்சுப் பாரும்மா."

கவிநிலா யோசித்தாள். அப்பாசாமி யோசிக்கவில்லை, உடனே ஒப்புக்கொண்டார். "டி.வி.க்கே மறைக்குதே. அவரு சொல்றது நியாயம்தான்." அன்று மாலையே கம்ப்யூட்டர் மேசை மலைக்கு முதுகு காட்டாத சுவருக்கு இடம்பெயர்ந்தது. மலையான ஈசனுக்கு நேராக வைத்தும் பெட்டி வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை கவிநிலா ஒரு முடிவுக்கு வந்தாள். "நான் முன்னி அக்காவ கூப்பிடப் போறேன்."

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நசீர் அகமது ரேடியோ ரிப்பேர் செய்கிறார். அதே கடையின் பாதியில் அவர் மனைவி முன்னி பேகம் கம்ப்யூட்டர் வைத்து டைப் அடித்துக் கொடுக்கிறாள். கவிநிலாவின் கல்லூரி ரெக்கார்டு அங்கேதான் அச்சானது. அந்தப் பக்கம் கெட்டுப்போன கம்ப்யூட்டர்கள், போர்டு இல்லாத அந்த அரைக் கடைக்குத்தான் கடைசியில் வந்து சேரும்.

"ரேடியோக் கடை அம்மாவா?" என்றார் அப்பாசாமி. "டை கட்டினவராலயே ஆகல."

உள்ளேயிருந்து அவர் மனைவி மணியம்மாள் சொன்னாள்: "டை கழுத்துல கட்டறது. காதுல கேக்க வேண்டியது இன்னும் கேக்கல. பொண்ணு சொல்றத செய்யுங்க."

முன்னி பேகத்துக்கு வியாழன்தான் ஒழிந்தது. வியாழன் பௌர்ணமி. மலை சுற்றும் பாதையில் வண்டி விடமாட்டார்கள். டி.வி.எஸ்.ஸைச் செங்கம் ரோட்டில் போலீஸ்காரரிடம் விட்டுவிட்டு, புர்கா அணிந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னை இடுக்கிக்கொண்டு, அரோகரா போடும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள்.

"நாலு எடத்துல மோர் குடுத்துட்டாங்க அக்கா," என்றாள் மணியம்மாளிடம். "வேணாம்னா விடமாட்டேங்கறாங்க. ஒருத்தரு புளியோதரைய டின் மேலயே வெச்சுட்டாரு."

"பாதி மலை சுத்திட்ட. மீதியையும் சுத்திடு, புண்ணியம்."

"வீட்டுக்குப் போற வழியே அதுதான். வண்டிய நாளைக்கு எடுத்துக்கறேன். இந்தக் கூட்டத்துல எதிர்ல நடக்க முடியுமா?"

நாற்காலியில் உட்கார்ந்தவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. டின்னைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். எந்த நாளில் வந்தது, யார் திறந்தார்கள், எதை ஏற்றினார்கள், அப்புறம் என்ன தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்பாசாமி அருகில் வந்து நின்று, மலை மறைப்பதைப் பற்றியும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டாள். சிரிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே கவிநிலாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"இன்னாம்மா கோளாறு?" என்றார் அப்பாசாமி.

"இன்னும் தெரியலீங்க சார்."

கணிப்பொறித் துறையில் அந்த வாக்கியத்தைச் சொன்ன முதல் நிபுணரை அப்பாசாமி அன்றுதான் பார்த்தார். சற்றுக் கலங்கிப்போனார். கவிநிலாவுக்கோ ஆறு நாளில் முதல் தடவையாக நம்பிக்கை வந்தது.

முன்னி பேகம் முதலில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, மணியம்மாளின் ரேடியோவில் செருகினாள். வேலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு மணிலாக் கடலைப் பயிரைப் பற்றி யாரோ அறிவுரை சொன்னார்கள். "ஸ்பீக்கர் நல்லா இருக்குது," என்று நோட்டில் ஒரு கோடு. பிறகு ஒலி அளவைப் பார்த்தாள், ஒரு கோடு. பிறகு திரையில் அந்த மஞ்சள் கேள்விக்குறியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"கார்டு இருக்கறது கம்ப்யூட்டருக்குத் தெரியுது கவிநிலா. யாருன்னுதான் தெரியல. வீட்டுக்கு வந்த ஆள்கிட்ட நாம தெலுங்குல பேசறோம், அந்த ஆளுக்குத் தமிழ்தான் தெரியும்னு வெச்சுக்கோ. பதில் வருமா?"

"பெட்டியில பேரு போட்டிருக்கே அக்கா. சார் அந்தப் பேருக்குத்தான் ஏத்தினாரு."

"பெட்டியில இருக்கற பேரு பெட்டியோட பேரு. கார்டு மேல பெரிய சில்லு ஒண்ணு இருக்கும். அதுல ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் பொய் சொல்லாது."

கரண்டை நிறுத்தி, நாலு ஸ்குரூவைக் கழற்றிச் சாசரில் வரிசையாக வைத்து, பெட்டியைத் திறந்தாள். டார்ச் அடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கவிநிலா எட்டிப் பார்த்தாள். பெரிய சில்லு இருந்தது. நம்பர் இல்லை. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்து ஓடாகிப்போன சந்தனமும் அதன் நடுவில் ஒரு ரூபாய் அகலக் குங்குமமும் இருந்தன. சின்னச் சில்லுகளையெல்லாம் விட்டுவிட்டு, பெரியதுக்குத்தானே மரியாதை செய்வார் அப்பா.

அறிவுச்செல்வன் இரண்டு தடவை வந்தும் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலையைப் பார்த்த மனிதர் கார்டைப் பார்க்கவில்லை.

முன்னி பேகம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "சார், நம்பர் இதுக்குக் கீழ இருக்குது. பூஜையில வெச்ச பொட்டு. நான் அழிக்கறது சரியா இருக்காதுங்க. நீங்களே எடுத்துடுங்க."

அப்பாசாமியின் முகம் மாறியது. "வெச்ச பொட்ட அழிக்கறதா? சுமங்கலி வீட்ல அந்த வார்த்தையே பேசக்கூடாதும்மா."

"அழிக்க வேணாம்ங்க. எடம் மாத்தி வெச்சுடலாம். பக்கத்துல இந்தத் தகடு இருக்குது பாருங்க, இதுல நம்பர் எதுவும் இல்ல. இங்கேருந்து எடுத்து அங்க வெச்சுட்டா பொட்டு கார்டு மேலதானே இருக்கும்?"

அப்பாசாமி முப்பது வருஷ அரசு ஊழியர். 'நீக்கம்' என்றால் நடுங்குவார். 'இடமாற்றம்' என்றால் அவருக்குப் புரியும். முகம் தெளிந்தது. ஆனாலும் பஞ்சாங்கத்தை எடுத்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார், பார்த்தார். "ராகு காலம். மூணு மணிக்கு அப்புறம்."

இன்னும் ஒன்றேகால் மணி நேரம். மறுநாள் காலை கூரியரில் சேர்க்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சை அடிக்கக் கவிநிலாவுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். முன்னி பேகம் கோபித்துக்கொள்ளவில்லை, கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தபடியே கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அறிவுச்செல்வன் ஏற்றிவைத்த டிரைவர்களைத் தேடித் தேடி அகற்ற ஆரம்பித்தாள். பதினொரு பிரதிகள் இருந்தன. "பழசு இருந்தா புதுசு உக்கார எடம் இருக்காது," என்று மட்டும் சொன்னாள். பதினொன்றை எண்ணியபோதும் அறிவுச்செல்வனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணியம்மாள் இரண்டு பேர் பங்குக்கும் சேர்த்துச் சொன்னாள்.

மூன்று அடித்தது. முன்னி பேகம் கரண்டை நிறுத்தினாள். அப்பாசாமி கால் கழுவிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோடு வந்தார்.

"எண்ணெ வேணாம்ங்க சார்," என்று முன்னி பேகம் முதல் தடவையாகக் குரலைச் சற்று உயர்த்தினாள். "காஞ்ச பிரஷ் போதும்."

பிரிக்காத புதுப் பல்துலக்கும் பிரஷ் ஒன்று வந்தது. அதைக்கொண்டு அப்பாசாமி மெல்ல மெல்லத் தேய்க்க, முன்னி பேகம் உதிர்ந்த தூளைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டாள். கீழே விடவில்லை. ஏந்தியதை அப்படியே மணியம்மாள் கையில் கொடுத்தாள். பிறகு பஞ்சாங்கப் பூதக்கண்ணாடியை வாங்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். கவிநிலா எழுதிக்கொண்டாள். அட்டைப்பெட்டியின் பெயருக்கும் இந்த நம்பருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

முன்னி பேகத்தின் நீள நோட்டில் கடைசிப் பக்கங்கள் முழுக்க நம்பர்களாகவே இருந்தன. நாலு வருஷத்தில் அவள் கைக்கு வந்த ஒவ்வொரு கார்டின் நம்பரும், அதற்கு எந்த சி.டி. என்பதும். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. விரல் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து, பழைய காலண்டர் தாளில் செய்த உறையோடு ஒரு சி.டி. வந்தது. அந்த டின்னைக் கவிநிலா பார்த்த பார்வையில், டை கட்டிய ஒரு சர்வதேச நிலையம் ஓசையில்லாமல் மூடப்பட்டது.

அப்பாசாமி தகட்டின்மேல் புதுப் பொட்டு வைத்தார். முன்னி பேகம் அது காயும்வரை காத்திருந்துதான் கரண்டு போட்டாள். திரை விண்டோஸ் சி.டி.யைக் கேட்டது, கொடுத்தாள். மறுபடி கேட்டது, பொறுமையாக மறுபடி கொடுத்தாள். அணைந்து எழுந்தது. மஞ்சள் கேள்விக்குறி காணோம்.

பிறகு, கோயில் மணியும் நாதஸ்வரமும் அல்லாத ஏதோ ஒன்று 'டட்டடாங்' என்று அந்த வீட்டில் ஒலித்தது. மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மலை இன்னும் அங்கியேதான் இருக்குது," என்றாள் கணவனைப் பார்த்து.

அப்பாசாமி அதைக் காதில் வாங்காமல், முன்னி பேகத்தை நோக்கி, ஆபீசில் மேலதிகாரிகளுக்கு மட்டும் வைத்திருந்த கும்பிடு ஒன்றைப் போட்டார். "உங்களுக்கு இருக்கற அறிவுக்கு ஒரு போர்டு மாட்டணும்மா."

"போர்டு மாட்டினா உள்ள ஆளு எதுக்குன்னு ஆயிடும் சார்," என்றாள் முன்னி பேகம். நோட்டில் கடைசிக் கோட்டைப் போட்டு, புது நம்பருக்கு எதிரே 'சரி' என்று எழுதினாள். நாலு ஸ்குரூவும் சாசரிலிருந்து தத்தம் இடத்துக்குப் போயின. ஒன்றுகூட மிச்சமில்லை. ரிப்பேர் முடிந்தபின் ஸ்குரூ மிஞ்சாத பெட்டியைக் கவிநிலா அதற்கு முன் பார்த்ததில்லை. டின்னை இடுக்கிக்கொண்டு மிச்ச மலையைச் சுற்றப் புறப்பட்டவளை, கூட்டம் விலகி உள்ளே வாங்கிக்கொண்டது.

மணி நாலேகால். இரவுக்குள் அடித்து முடிக்க வேண்டிய அளவு நேரம் இருந்தது. கவிநிலா விரல்களை உதறிக்கொண்டு பரீட்சை சி.டி.யைப் போட்டாள். அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றார்கள். அமெரிக்க டாக்டர் பேச ஆரம்பித்தார். என்ன ஒரு துல்லியம். அவர் மூச்சு விட்டது கேட்டது, தாள் புரட்டியது கேட்டது, நடுவில் எதையோ ஒரு மிடறு குடித்ததுகூடக் கேட்டது. "எதிர்ல உக்காந்து பேசற மாதிரியே இருக்குது," என்று அப்பாசாமி கண்கலங்கினார்.

'ப்நியுமோனியா' மாதிரி ஒன்றாவது வருகிறதா என்று பத்து நிமிடமும் கேட்டாள். கவிநிலாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.