சர்வரில் எதை ஏற்றுவது

எங்கள் அப்பா பெயரில் இயங்கும் நூலகத்துக்குப் புது சர்வர் வந்திறங்கியது. புத்தகப் பட்டியலையும் இரவலையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் முடிவாகிவிட்டது. அது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும். லினக்ஸிலேயே எந்த வகை என்பதுதான் பாக்கி.

ஃபெடோரா என்றார் என் மாப்பிள்ளை. தானே ஏற்றித் தருவதாகப் போன கூட்டத்தில் நிர்வாகக் குழு முழுவதற்கும் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டு மாப்பிள்ளையின் வாக்கு என் வாக்கு. குழுத் தலைவர் என்ற முறையில் இன்றைய கூட்டத்தில் அதைத் தீர்மானமாக்க வேண்டும், அவ்வளவுதான்.

"டெபியன்தான் போடணும்" என்றாள் அவர் மனைவி, என் மகள். நூலகத்தின் கணினிகளைப் பராமரிப்பவள் அவள். "அந்த மென்பொருளுக்கு டெபியன்ல ரெடியா பேக்கேஜ் இருக்குப்பா. ஃபெடோரான்னா ஒவ்வொண்ணா நாமளே கோக்கணும். அதோட வருஷா வருஷம் சிஸ்டத்தையே மாத்தணும்."

"என் லேப்டாப்ல ஓடுதே" என்றார் மாப்பிள்ளை.

"ஓடும். உங்க லேப்டாப் முன்னாடி புஸ்தகம் எடுக்க ஜனம் வரிசையில நிக்குதா?"

பொருளாளர் வாய்விட்டுச் சிரித்தார். "தலைவரே, வீட்டுச் சண்டைக்கு டிக்கெட் கிடையாதா?"

எனக்குக் காது மடல் சுட்டது. "நீ வெளிய போம்மா."

"போறேன். பட்டியல் பாழாப் போச்சுன்னா ஜனங்க என்னையோ இவரையோ திட்ட மாட்டாங்க. தாத்தா பேரைச் சொல்லித்தான் திட்டுவாங்க."

அவள் நகரவில்லை. குழுவினர் என் முகத்தையே பார்த்தார்கள். மகள் பக்கம் சாய்ந்தால் மாப்பிள்ளைக்குச் சபையில் தலைகுனிவு. சாயாவிட்டால் அப்பாவின் பெயருக்கு இழுக்கு. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழிதான் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"டெபியன். மாப்பிள்ளையும் காலையில என்கிட்ட இதைத்தான் சொன்னார்."

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிடுங்கள் என்று கண்ணாலேயே கேட்டேன். அவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"இல்ல மாமா. நான் அப்படிச் சொல்லல. ஃபெடோரான்னு ஒத்தக்கால்ல நின்னேன். எனக்குப் பழகினதுன்னு கேட்டேனே தவிர, நூலகத்தை யோசிக்கல. இவ சொல்றதுதான் சரி."

பொருளாளர் முன்னால் சாய்ந்தார். "அப்போ தலைவர் சொன்னது?"

"பொய்" என்றேன். குனிந்து ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, நிமிர்ந்தேதான் சொன்னேன். "தீர்மானத்துல டெபியன்னு போடுங்க. ஏத்தப் போறது என் மக."