கூறையைக் காணவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் தெரிந்தவர் வீட்டு சோபாவில் சாய்ந்தபோதுதான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் சிவப்புப் பட்டு உறை போட்ட குஷன். "ஆப் ஷாப்ல கிடைச்ச பழைய புடவைங்க, நானே தைச்சேன்" என்றார் வீட்டுக்கார அம்மா, பெருமையாக. எனக்கு முதுகு கூசியது. யார் கட்டிய புடவையோ? மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "லக்ஷ்மிப்ரியாவின் கைபட்டால் குப்பையும் கலையாகும்..."

(வேண்டாம். வார இதழ் வாடை.)

இரண்டாவது: சென்னையிலிருந்து வந்த லக்ஷ்மிப்ரியா, பாபடோயிட்டோயில் தானமாக வந்த பழைய பொருள் விற்கும் ஆப் ஷாப் ஒன்றையும் விடமாட்டாள். கைப்பிடி உடைந்த கோப்பையில் செடி வைப்பாள், ஓட்டைச் சல்லடையை விளக்காக்குவாள். அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்துக் கதிர்காமநாதன்தான் அவற்றை முதலில் பாராட்டுவார். அவர் மனைவி ரதிதேவி இப்போது ஆஸ்பத்திரியில். இனி வீடு திரும்பமாட்டார் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

(லக்ஷ்மிப்ரியாவைக் கொஞ்சம் அற்பமானவளாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அதுதான் சிக்கல்.)

3

காற்றும் மழையுமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிர்காமநாதன் போன் செய்தார்.

"பிள்ளை, கூறையைக் காணேல்லை."

"ஐயோ அங்கிள்! காத்துல பறந்துடுச்சா?"

தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கூரை அப்படியே இருந்தது. அவர் காலி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

(சென்னைக் காதுக்கு றகரமும் ரகரமும் ஒன்றுதான். கூறை என்பது தாலி கட்டும்போது மணப்பெண் உடுத்தும் சேலை. கணவர் உயிரோடிருக்கையில் இறந்துபோகும் பெண்ணை அதை உடுத்தித்தான் கடைசியாக அனுப்புவார்கள்.)

"கலியாணக் கூறை, பிள்ளை. எடுத்து வைச்சாச்சோ எண்டு அவ நேற்றும் கேட்டவ. மகள் அலுமாரியைத் துப்புரவாக்கி எல்லாத்தையும் ஒப் ஷொப்பில குடுத்திட்டாள். 'ஓல்ட் குளோத்ஸ்தானே டாட்' எண்டுறாள்."

"என்ன கலர் அங்கிள்?"

"சிவப்பு. தலைப்பில அன்னம்."

அந்த அன்னங்களைப் போன வாரம்தான் லக்ஷ்மிப்ரியா கத்தரித்து, பழைய படச் சட்டங்களுக்குள் ஒட்டி, சுவரில் மாட்டியிருந்தாள். மிச்சப் பட்டு குஷன் உறைகளாகிவிட்டது.

4

முடிவு அ: அங்கேயே அழுது, உண்மையைச் சொல்கிறாள். அவர் மன்னித்து—

(மன்னிக்கவைப்பது எனக்குச் சுலபம். அவருக்கு?)

முடிவு ஆ: தையலைப் பிரித்து, துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சேலையாக்கிக் கொண்டுவருகிறாள். அதைப் பார்த்த ரதிதேவி—

முடிவு இ: லக்ஷ்மிப்ரியா வாயே திறப்பதில்லை. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

என்னால் வரமுடிந்தது இவ்வளவு தூரம்தான். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் அடிக்கடி அந்தக் கடையளுக்குப் போறனீர்தானே. ஒருக்காத் தேடிப் பாரும், பிள்ளை. கிடைச்சிட்டுது எண்டு அவவிட்டச் சொல்லிப்போட்டன்."

"சரி அங்கிள்" என்றாள்.

அந்தச் 'சரி'யோடு எனக்கு எழுத்து நின்றுவிட்டது. லக்ஷ்மிப்ரியா மழையில், தன் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கடைக்குப் போவதா, வீட்டுக்குள் போவதா, திரும்ப அவரிடமே போவதா? நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் ரதிதேவி கேட்டுக்கொண்டிருக்கிறார்.