முர்மியின் தலை

வெள்ளிக்கிழமை காலை முர்மியின் தலைக்குள் முகத்தை நுழைத்ததுமே பயிற்சியாளர் வ்ரோனி அதை வெளியே இழுத்துக்கொண்டாள். பனிச்சறுக்குப் பள்ளியின் செல்லச் சின்னமான அந்த மலை அணில் வேஷத்தை டிசம்பரிலிருந்து யாரும் துவைக்கவில்லை. எட்டுப் பேருடைய வியர்வை, சளி, நேற்று மாட்டியவன் தின்ற பூண்டு சாசேஜ், எல்லாம் பஞ்சில் ஊறிக் கிடந்தன.

"கோர்பினியன், செத்த எலிகூட இதுக்குள்ள படுக்காதுப்பா!"

"வாயால மூச்சு விடு," என்றார் பள்ளித் தலைவர். "ஆனா பேசாத. முர்மிக்குப் பேச்சு கிடையாது. போன வருஷம் ஒருத்தன் பிள்ளைங்க முன்னாடி தலையக் கழட்டி, மூணு நாளு ஒரே அழுகை. நீ கழட்டினா வேலை போச்சு."

குழந்தைகள் சரிவில் பயிற்சி வாரத்தின் கடைசிப் பந்தயம். யார் எப்போது வந்தாலும் ஒரே பதக்கம்தான். மற்ற பெற்றோர் கீழே தேநீரோடு நிற்க, ஹார்ட்விக் மட்டும் மேலே புறப்படும் இடத்துக்கு ஏறி வந்து, ஐந்து வயது மகள் மிர்யாமின் கையைக் கிள்ளினார். பக்கத்தில் முர்மி வேஷத்தில் வ்ரோனி நின்றிருந்தாள்; பொம்மைதானே என்று அவர் குரலைக்கூடத் தணிக்கவில்லை.

"பீட்சா போடாத, லேட்டாகும். நேரா விடு. அந்தக் குண்டுப் பையன்கிட்ட தோத்தா, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன்."

சறுக்குப் பலகைகளின் முன் முனைகளைச் சேர்த்து வேகத்தைக் குறைப்பதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பீட்சா. ஐந்து நாளாக வ்ரோனி கற்றுக்கொடுத்தது அதை மட்டும்தான். அது இல்லாமல் போனால் நேரே கீழ் வேலிக் கம்பத்தில் மோத வேண்டியதுதான்.

மிர்யாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள். வ்ரோனிக்கு வேஷத்தின் நாற்றமே தேவலை என்றிருந்தது. பீட்சா போடு என்று அணில் கைகளை முக்கோணமாகச் சேர்த்துக் காட்டினாள். முர்மி ஆடுகிறது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"மூணு... ரெண்டு..." என்றது ஒலிபெருக்கி.

வ்ரோனி தலையைக் கழற்றினாள். வரிசையே வீறிட்டது.

"மிர்யாம், நான்தாண்டி, வ்ரோனி. பீட்சா போடு. பெரிய பீட்சா. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னம்மா பண்றீங்க? உங்க தலைவர்கிட்ட சொல்றேன் பாருங்க!"

"சொல்லுங்க. இதையும் அவர்கிட்டயே குடுத்துருங்க." முர்மியின் தலையை ஹார்ட்விக்கின் மார்பில் திணித்தாள்.

"சீ! என்ன நாத்தம் இது!"

"உங்க பேச்சுக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

கீழே கோர்பினியன் தலையில் கைவைத்து நின்றார். மிர்யாம் எல்லாருக்கும் கடைசியாக, விழாமல், மெல்ல இறங்கிக்கொண்டிருந்தாள். வ்ரோனி ஒரு பிடி பனியை அள்ளி முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.