பத்தொன்பது நாள் மூத்தவள்

ஆகஸ்டு வந்தால் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு பள்ளிப் பேருந்து டிப்போவில் ஓட்டுநர்களுக்கு நாற்காலி போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி வரிசை. முன்னால் உட்கார்ந்தவர் பிடித்த தடத்தை முதலில் எடுப்பார், கடைசி ஆளுக்கு மிச்சம் மீதி.

டெல்மர் ஹாஸ்கின்ஸ் மூன்றாவது நாற்காலியில் இருந்தார். முன்னால் இருந்த இருவருக்கும் ஊருக்குள் ஓடினால் போதும். ஏரிக்கரைத் தடம் இந்த வருஷமும் தனக்குத்தான் என்று நினைத்தார். அது கூட ஓட்டும் ட்ரீனாவின் தடம். தேசியக் காவல் படையில் இருந்த அவளைப் பதினோரு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பியதால் இவர் கைக்கு வந்தது. காலை நடை முடிகிற இடத்துக்கு எதிரிலேயே முதியோர் இல்லம். பக்கவாதத்தில் வலக்கை போன அவர் மனைவி எர்லீன் அங்கே இருந்தாள். தினமும் அவளோடு ஒரு காபி, ஆளுக்குப் பாதி டோஸ்ட். பண்ணை வீடு ரொம்பத் தூரம், மாலையில் மாடு கறக்கணும், வேறு நேரம் ஏது? அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மனிதர் உயிரை வைத்திருந்தார்.

கதவு திறந்தது. ட்ரீனா! வெயிலில் கறுத்து, இளைத்துப் போயிருந்தாள். எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அவளோ நேரே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரிதான், வேலையை விட்டுட்டுத் திரும்பி வர்றவங்க கடைசியிலதானே," என்றான் புது மேலாளர் கர்ட்.

அது சட்டப்படி தப்பு என்று டெல்மருக்குத் தெரியும். சும்மா இருந்தால் போதும், ஏரிக்கரை அவருக்குத்தான். முதல் ஆள் எடுத்தாயிற்று. இரண்டாம் ஆளும் எடுத்தாயிற்று.

"டெல்மர், உங்களுக்கு?"

"அட போப்பா!" என்று எழுந்துவிட்டார். "அந்தப் பொண்ணு என்ன கோவிச்சுக்கிட்டா போனா? பட்டாளத்துக்குப் போனவங்க, போகாம இருந்திருந்தா எங்க இருப்பாங்களோ அங்கதான் உக்காரணும். சட்டமே அதான். எனக்குப் பத்தொம்பது நாள் முன்னாடி சேந்தவ அவ. எந்திரி ட்ரீனா, இது உன் நாற்காலி."

"விடுங்க டெல்மர், வேலை இருக்கே, அதுவே போதும்."

"ஆமா, பெரிய தியாகி! வந்து உக்காரு தாயே."

கர்ட் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அவர் சொல்றது சரிதான்."

டெல்மர் தொடங்கிக் கடைசி வரை எல்லோரும் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ட்ரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏரிக்கரை," என்றாள். டெல்மர் மேட்டுப் பண்ணைத் தடத்தை எடுத்தார். அது முடிகிற இடத்திலிருந்து முதியோர் இல்லம் வெகு தூரம்.

அடுத்த சுற்று மதிய நடைகளுக்கு. ஏரிக்கரையில் மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நடை உண்டு; அதுவும் முதியோர் இல்லத்துக்கு எதிரில்தான் முடியும்.

"எனக்கு வேண்டாம், டெல்மரைக் கேளுங்க," என்றாள் ட்ரீனா.

"எனக்காக ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேண்டாம்," என்று முறைத்தார் அவர்.

"உங்களுக்காக யாரு விட்டா? எர்லீனுக்காக. இடது கையாலயே மாசாமாசம் எனக்கு எழுதினாங்க. 'மனுஷன் ஏழரைக்கே வந்து எழுப்பி டோஸ்ட்டை நீட்டறாரு. மனசு கஷ்டப்படுமேன்னு தூக்கக் கலக்கத்துலயே தின்னு வைக்கிறேன். மத்தியானமா வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்'னு."

டிப்போவே சிரித்தது. டெல்மருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "அத்தனை மாசமும் அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, கழுதை!" என்றார்.

அன்று பன்னிரண்டு மணிக்குச் சூடாகச் சூப் வாங்கிக்கொண்டு போனார். எர்லீன் நன்றாக விழித்துத்தான் இருந்தாள்.