இரண்டு பாகம் ஆழத்துத் தண்ணீர்

1

“மூடியை இழுங்க தம்பி! குப்பியை இல்ல, மூடியை!”

மீன் வளர்க்கும் கூண்டுக்காரி துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி கத்தினாள். வெள்ளம் படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது. செங்கல்லைக் கரைத்த நிறத்தில் தண்ணீர். அதன் மேல் ஒரு கதவு, ஒற்றைச் செருப்பு, வேரோடு ஒரு புதர், எல்லாம் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன.

அவள் கொழுந்தன் படகின் விளிம்பில் மண்டியிட்டிருந்தான். கையில் இரண்டு கயிறு. ஒன்று ஈயக்கட்டி கட்டிய கண்ணாடிக் குப்பிக்கு, இன்னொன்று குப்பியின் தக்கை மூடிக்கு. குப்பி இரண்டு பாகம் கீழே தொங்கியது. கையை இரண்டு முறை அகல விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம். மூடிக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் தக்கை கழன்று, அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் உள்ளே புகும். மேலே தூக்கி, ஒரு வாய் வைத்து, உப்பா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. பச்சைப்பிள்ளைகூடச் செய்யும்.

2

[இங்கே நிறுத்துகிறேன். படகு அந்தரத்தில் நிற்கட்டும். வாராவாரம் தொடர் எழுதிய கை, ஆள் விளிம்பில் தொங்கும்போதுதான் அத்தியாயத்தை வெட்டும்.]

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் அந்தக் கொழுந்தன்தான். “எழுதிக்கோங்க, ஆனா நான்னு யாருக்கும் தெரியக்கூடாது” என்றான். சரி என்றேன். இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

“மழை விடாமல் பெய்தது.” (எந்தக் கதையில்தான் விட்டுவிட்டுப் பெய்தது? அடித்தேன்.)

“நதியும் கடலும் கைகோக்கும் இடமே கழிமுகம்.” (பள்ளிக்கூட வாடை. அடித்தேன்.)

“அன்று காலை அவன் ஒரு பொய் சொல்வான் என்று அவனுக்கே” (முதல் வரியிலேயே போட்டு உடைப்பதா? பாதியில் விட்டேன்.)

ஆனாலும் ஒரு பத்தி கட்டுரை எழுதாமல் தீராது. பொறுத்துக்கொள்ளுங்கள். கழிமுகத்தில் வெள்ளம் வந்தால் ஆற்றுத் தண்ணீர் மேலே மிதக்கும். கனமான உப்புத் தண்ணீர் அடியில் பதுங்கும். மலையில் சரிந்த மண்ணும், கரையில் அறுந்த வண்டலும் உப்பைத் தொட்டதும் திரண்டு, மெதுவாகத் தரையில் இறங்கும். மேலே நல்ல தண்ணீர், கீழே சேறு. நடுவில், அதிர்ஷ்டம் இருந்தால், ஓர் ஆள் உயரத்துக்குத் தெளிந்த உப்பு. வெள்ளம் ரொம்பவும் முரட்டுத்தனமாக வந்தால் அந்த நடு அடுக்கையும் கடலுக்குத் தள்ளிவிடும். வலை போடுகிறவர்களின் பிழைப்பு இதற்கு முன்பே முடிந்துவிட்டது. போன மூன்று வெள்ளத்தில் கால்வாய் பாதி தூர்ந்து, வலையில் மீனைவிடக் கிளையும் சேறும்தான் அதிகம் ஏறின. அதனால்தான் கூண்டுக்காரியும் அவள் புருஷனும் வலையைச் சுருட்டிவிட்டு, கழிமுகத்தில் பிடித்த களவா மீன்குஞ்சுகளைக் கூண்டில் விட்டு வளர்த்தார்கள். மூன்று கூண்டு. பதினான்கு மாதம்.

களவா நல்ல தண்ணீரில் நிற்காது. சேறு அதன் செவுளை அடைத்துவிடும்.

3

“என்னம்மா, தண்ணிக்கு உப்பு ஒறப்பு பாக்குறீங்களா?” இழுவைப் படகுக்காரர் சற்றுத் தள்ளி இயந்திரத்தை உறுமவிட்டபடி நின்றார். “எனக்கு இன்னும் ஒம்போது கூண்டு கெடக்கு. இழுக்கவா, போகவா?”

“இருங்கண்ணே! ஒரு வாய் வச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்.”

“தலைக்கு மேல வெள்ளம். சாண் என்ன, முழம் என்ன?”

இந்தத் தொழிலில் சாணும் முழமும்தான் எல்லாம் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பாகத்தில் உப்பு இருந்தால் கூண்டுகளை அங்கே இறக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உப்பு இல்லையென்றால் அவரிடம் கயிற்றைக் கொடுத்து கடல் உப்பு இருக்கும் முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துப் போகச் சொல்ல வேண்டும். அங்கே இந்த வெள்ளம் புதிதாய்க் கொட்டிய மணல் திட்டு. கூண்டு அதில் உரசினால் கிழியும். இரண்டும் ஆபத்து. எந்த ஆபத்து என்று நாக்குதான் சொல்ல வேண்டும்.

வழக்கமாக அது புருஷனுடைய நாக்கு. உப்பு அளக்கும் கருவியைப் போன வெள்ளமே கொண்டுபோய்விட்டது. புருஷனோ லாரியோடு மலைப்பக்கம் போய், பாலம் உடைந்து அங்கேயே மாட்டிக்கொண்டான். துடுப்பை விட்டால் படகு சுழலும், அதனால் அவளால் கை எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது கொழுந்தன்.

குப்பி மேலே வந்தது. அவன் வாயில் வைத்தான்.

“தம்பி? உப்பா?”

4

“தண்ணீர் அவன் நாக்கில் சுள்ளென்று” (இல்லை.)

“கரிப்பும் மண்ணுமாக ஒரு” (இல்லவே இல்லை.)

[நான்கு முறை முயன்றேன். வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.]

அவனுக்கு ருசி தெரியாது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது; போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போனது. யாரிடமும் சொல்லவில்லை. தானாக வரும் என்று இருந்தான். இந்த வீட்டுக்கு வந்த நான்கு நாளும் தட்டில் விழுந்ததையெல்லாம் பாராட்டிக்கொண்டே சாப்பிட்டான். முந்தின நாள் அவள் கேட்டாள்:

“ஏன் தம்பி, நேத்து சோத்துல உப்பே போடல. மறந்துட்டேன். வாயைத் தொறக்காம சாப்பிட்டுட்டீங்களே?”

“உங்க கையால எது வச்சாலும் நல்லாத்தான் இருக்கு அண்ணி.”

“இந்த வாய்ப் பேச்சுக்குத்தான் இன்னும் ஒரு பொண்ணும் சிக்கல.”

சிரித்தார்கள். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

படகில் அவன் வாய்க்குள் இருந்தது குளிர்ச்சி. கொஞ்சம் நறநறப்பு. வேறு எதுவும் இல்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது.

“உப்புதான்” என்றான்.

குப்பியில் மிச்சம் இருந்ததை அவசரமாக ஆற்றில் கொட்டினான்.

5

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். “எனக்கு ருசி தெரியாது” என்பது மூன்றே வார்த்தை. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் விளிம்பில் சிவப்பு மையால் எழுதுவார்: *சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?*

அவனிடம் நானும் கேட்டேன். அவன் பதில்கள், நான் நம்பிய அளவுக்கு:

இயந்திரச் சத்தம். யோசிக்க நேரமில்லை. (பொய். நான்கு விநாடி இருந்தது.)

வந்த நாள் முதல் தண்டச்சோறு என்று கேலி. முதல் தடவையாக ஒரு வேலை கொடுத்தார்கள். (உண்மை. போதாது.)

உப்பு இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தான். (நினைக்கவில்லை, வேண்டிக்கொண்டான்.)

“சரி, நாக்கு உங்களுது” என்று சொல்லிவிட்டு இழுவைப் படகுக்காரர் போனார். “நாலு மணிக்குக் கடல் ஏத்தத்துல இந்தப் பக்கமா வருவேன். அதுக்கப்புறம் நாளைக்குத்தான்.” இருவருமாக மூன்று கூண்டையும் இரண்டு பாகத்துக்கு இறக்கினார்கள். வெளியே மிதவைகள் மட்டும் தெரிந்தன. கரைக்கு வந்ததும் புருஷனின் போன்.

“யார் பாத்தது?”

“தம்பிதான்.”

“அப்ப சரி.”

அந்த ‘அப்ப சரி’ அவன் காதிலும் விழுந்தது. மறுபடி போய்க் குப்பியை இறக்கலாம். ஆனால் வாயில் வைத்துப் பார்க்க இன்னொருவர் வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். எப்படிச் சுற்றினாலும் அந்த மூன்று வார்த்தையில்தான் கொண்டுபோய் விடுகிறது.

6

முடிவுகள்.

(அ) நடு அடுக்கில் உப்பு இருக்கிறது. மீன் பிழைக்கிறது. பொய் அதிர்ஷ்டமாக மாறுகிறது. அடுத்த வெள்ளத்திலும் அவனையே கூப்பிடுகிறார்கள். (இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமான முடிவு என்று இப்போதுதான் உறைக்கிறது.)

(ஆ) உப்பு இல்லை. நாளைக் காலை கூண்டுகளைத் தூக்கும்போது வெள்ளை வயிறுகள். “உப்புன்னுதானே சொன்னீங்க?” என்று அவள் திட்டாமல் கேட்கிறாள். அவன் அப்போதும் “உப்பாத்தான் இருந்துச்சு” என்கிறான்.

(இ) நாலு மணிக்கு முன் சொல்லிவிடுகிறான். மீன் பிழைக்கலாம். மணல் திட்டில் கூண்டு கிழிந்து போகவும் செய்யலாம். ஆனால் அந்த முடிவை எடுப்பவள் கூண்டுக்காரி, தெரிந்தே எடுப்பாள்.

வாரப் பத்திரிகையாக இருந்தால் உங்களில் யார் எந்த முடிவை விரும்புகிறீர்கள் என்று அட்டையில் எழுதி அனுப்பச் சொல்லியிருப்பேன். அதற்கு நேரமில்லை. ‘நடந்தது’ என்று எழுதிக்கொண்டு வந்தேன், நடந்துகொண்டிருக்கிறது. இப்போது மணி மூன்று முப்பத்தைந்து. ஐஸ் கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையின் ஜன்னலில் மூன்று வரிசை மிதவையும் தெரிகிறது. அடியில் என்ன என்று இங்கிருந்து தெரியாது. தண்ணீரின் செந்நிறம் கொஞ்சமும் இறங்கவில்லை. வளைவுக்கு அப்பால் ஓர் இயந்திரச் சத்தம் கேட்கிறது, இல்லை, கேட்பது போல

கேட்கிறது.

7

கூண்டுக்காரி படியேறி வருகிறாள். என் காகிதங்களை எப்போதும் முதலில் படிப்பவள் அவள்தான். “யார் செத்தா, யார் கொன்னா, அத மட்டும் சொல்லு” என்று கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாள். ஆகவே இந்தப் பக்கத்தை மேலே வைக்கிறேன். வாசகர்களே, முடிவை உங்களிடம் கொடுப்பதாக இருந்தேன். மன்னியுங்கள், அது அவளுக்குச் சேர வேண்டியது.

இரண்டாம் பகுதியில் ஒரு பொய் சொன்னேன். இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. கூண்டுக்காரிக்குக் கொழுந்தனே கிடையாது. அவள் புருஷன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இன்று காலை அந்தக் குப்பியை வாயில் வைத்தது அவள் கூடப்பிறந்த அண்ணன். எட்டு மாதமாக எனக்கு எதுவும் ருசிப்பதில்லை.