தெருவே திரி செய்கிறது

பட்டப்பகலில் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, முத்துப்பேச்சி பின்னறையில் உட்கார்ந்து கருந்திரியை வெட்டிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலை முடியும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. செல்போனைக்கூட வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அவ்வளவு விவரம் தெரிந்தவள்! பிறகு ஏன் பட்டாசுத் திரியை வீட்டுக்குள் கொண்டுவந்தாய் என்று கேட்டால், அவளிடம் இருந்தது ஒரே பதில்தான். தெருவே செய்கிறது.

அதை அவளுக்குச் சொன்னவன் திரி ஏஜெண்டு முனியசாமி. எம். புதுப்பட்டியில் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட, வீட்டுப்பாட்டுக்கே அவள் திண்டாடிய மாதத்தில், வீட்டிலேயே திரி செய்து கொடு, கூலி தருகிறேன் என்று வந்து நின்றான். வீட்டில் வைத்துத் திரி செய்வது குற்றம், ஒரு பொறி போதும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

"ஏ தாயி, இந்தத் தெருவுல நீ ஒருத்திதான் பாக்கி. மத்தவுக எல்லாம் பகல்ல கதவச் சாத்திட்டு என்ன செய்றாகன்னு நெனைக்க?" என்றான் முனியசாமி.

எட்டிப் பார்த்தாள். எதிர்வரிசையில் நாலு கதவு சாத்தித்தான் இருந்தது. அடச்சே, ஊரே துணிந்து நிற்கும்போது நாம் மட்டும் பயந்து சாகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாளே திரிச் சாக்கு வந்து இறங்கியது.

யாரிடமும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே கேட்கிற விஷயமா அது? குழாயடியில் வெயிலைப் பேசினார்கள், ரேஷன் அரிசியைப் பேசினார்கள், திரியைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நம்மைப் போலத்தான் இவர்களும் மறைக்கிறார்கள் என்று முத்துப்பேச்சி முடிவு கட்டிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பக்கத்து வீட்டில் புஸ்ஸென்று சீறல், அதன் பின்னாலேயே அலறல். மாரிசெல்வி சேலையில் தீயோடு தெருவுக்கு ஓடி வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாத பெண். முத்துப்பேச்சிதான் ஈரச்சாக்கைப் போர்த்தி அணைத்தாள். உயிர் தப்பியது. இரண்டு கையும் முழங்கைவரை வெந்து போயின.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், உன்னை யார் இதில் இறங்கச் சொன்னது என்று முத்துப்பேச்சி அழுதுகொண்டே கேட்டாள்.

"நானும் மாட்டேன்னுதான் சொன்னேன், மதினி. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியே செய்யிது, உனக்கென்னன்னு கேட்டாரு முனியசாமி. நீங்களும் கதவச் சாத்தியே இருந்தீகளா... கூறுள்ள மதினியே செய்யும்போது நமக்கென்னன்னு துணிஞ்சிட்டேன்" என்றாள் மாரிசெல்வி.

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் முத்துப்பேச்சியால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. பஸ்ஸில் வரும்போது தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

ஊருக்கு வந்ததும் எதிர்வீட்டு அய்யம்மாளிடம் போனாள். நானும் செய்தேன், நீயும் செய்தாயா, மறைக்காமல் சொல் என்று கேட்டாள். அய்யம்மாள் திகைத்துப்போனாள். அவள் புருஷன் வாட்ச்மேன், இரவெல்லாம் கண்விழித்துப் பகலில் தூங்குகிறவன். அதனால்தான் கதவைச் சாத்துகிறாளாம்.

"எங்கிட்டயும் வந்து கேட்டான். எனக்குப் பயம், முடியாதுன்னுட்டேன். நீங்க எல்லாரும் செய்றீகன்னு நெனச்சு, நான் ஒருத்திதான் பயந்தாங்கொள்ளின்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு இருந்தேன்" என்றாள் அய்யம்மாள்.

அடுத்த வீட்டிலும் அதே கதை. அங்கே ஆடு உள்ளே நுழைகிறதென்று கதவைச் சாத்தினார்களாம். தெருவில் இருந்த பதினெட்டு வீட்டிலும் முனியசாமி கேட்டிருக்கிறான். பதினெட்டிலும் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறான். பதினாறு வீட்டில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தனை பேரும், மற்றவர்கள் செய்கிறார்கள் என்றே நம்பியிருந்தார்கள். செய்தது இரண்டே வீடு. முதல் வீடு முத்துப்பேச்சியுடையது.

மிச்சமிருந்த திரியை நடுத்தெருவில் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கத் தண்ணீர் டிரம்மில் அமுக்கினாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், முனியசாமி பேரோடு தன் பேரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தாள். கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படியும் மனசு ஆறவில்லை. எப்படி ஆறும்?

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாரிசெல்விக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாரிசெல்வி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அப்ப, தெருவுல யாருமே செய்யலியா, மதினி?"

"செய்யல, தாயி. எல்லாரும் செய்றாகன்னு நெனச்சு நான் இறங்குனேன். கடைசில, நீ பாத்த அந்த எல்லாரும் நான் ஒருத்திதான். ஊரு என்ன செய்யிதுன்னு பாத்து நடக்கிறவுக, ஊரு நம்மளயும் பாத்துத்தான் நடக்குதுன்னு மறந்துரக் கூடாது. நான் ஒருத்திகிட்ட வாய்விட்டுக் கேட்டிருந்தா, உன் கை இப்படி ஆயிருக்காது."

முத்துப்பேச்சி நீட்டிய அடுத்த கவளத்துக்கு மாரிசெல்வி வாய் திறக்கவில்லை.