அவைக்குறிப்பில் இல்லாத இரண்டு வரிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் யோசித்து எழுதிய கதையல்ல. பழைய சட்டமன்ற மண்டபத்தை நாடக அரங்கமாக மாற்றியபோது, திறப்பு நாளுக்கு ஒரு நாடகம் கேட்டார்கள். ஆற்றோரக் குடியிருப்பை அகற்றும் சட்டம் அங்கேதான் நிறைவேறியது. அவைக்குறிப்பை வைத்து அந்த நாளையே எழுதினேன். குடியிருப்பு மக்கள் அனுப்பிய உறுப்பினரே சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியிருந்தார். அதற்கு முன் அவர் பேசிய இடத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. நாடகத்தில் அங்கே மூன்று புள்ளிகள் வைத்தேன்.

2

(முதலில் ‘மண்டபத்தின் தூண்கள் மௌனமாக’ என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். தூண்கள் வேறென்ன செய்யும்?)

அந்த உறுப்பினராக நடித்தவள் அவருடைய மகள். கேட்டு வாங்கிய வேடம்.

“எங்கப்பா விலைபோனவரு. அப்படியே நடிச்சுக் காட்டறேன்” என்றாள். அவர் சாகும்வரை அவள் அவரிடம் முகங்கொடுத்துப் பேசியதில்லையாம்.

3

ஒரு மதியம், அன்று அவையில் குறிப்பெடுத்த சுருக்கெழுத்தாளர் ஒத்திகை பார்க்க வந்தார். இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ஒரு வயதான அம்மா. நடிகை புள்ளிகள் வந்த இடத்தில் நின்றாள்.

“இங்க எங்கப்பா என்னம்மா சொன்னாரு?”

“நீக்கச் சொன்னாங்க. நீக்கிட்டேன்.”

“காதுலேர்ந்துமா?”

அந்த அம்மா அவள் கையிலிருந்த பிரதியை வாங்கி அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்தார். பிறகு, “‘எம் பொண்ணு பள்ளிக்கூடம் போற வழியில ரெண்டு நாளா ஆளு நிக்குது. என்னை மன்னிச்சிடுங்க.’ அவ்வளவுதான்” என்றார்.

அப்போது நடிகையின் முகத்தில்... வேண்டாம். நான் முகத்தைப் பார்க்கவில்லை. மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஒத்திகை அத்தோடு நின்றது.

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு தோதான வசனத்தை நானே எழுதியிருந்தால் கிழித்துப்போட்டிருப்பேன்.

[ஒரு முடிவு: புள்ளிகளைப் புள்ளிகளாகவே விட்டாள். இன்னொன்று: திறப்பு நாளில் மேடைக்கே வரவில்லை. இரண்டும் நான் கட்டியவை.]

அவள் வந்தாள். இரண்டு வரிகளையும் சொன்னாள். சொல்லி முடித்து, அவரைப் போலவே ஆதரவாகக் கை தூக்கினாள்.

5

மறுவாரம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

“நிஜமாவே அவர் அப்படித்தான் சொன்னாரா?”

கதவைப் பாதி திறந்தபடி நின்றார். “அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?”

“அப்பா படத்தைக் கூடத்துல மாட்டியிருக்கா.”

“அப்புறம் எதுக்குத் தம்பி கேக்கறீங்க?”

இதை நடிகையிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. நாடகம் இன்னும் ஓடுகிறது: வெள்ளி, சனி, மாலை ஆறரை மணி. முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வெளியே வருவாள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள்.